அழித்ததாகச் சான்றிதழ் வந்த பெட்டி என் மேசைக்கடியில் இருக்கிறது

அனுப்புநர்:
ஒரு வழக்கறிஞர், பென்னாகரம் ரோடு, தர்மபுரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஆவணப் பாதுகாப்பு மற்றும் அழிப்பு நிறுவனம், ஓசூர் கிடங்கு.

பொருள்: 19-ம் எண் பெட்டி காணாதது, தவறான அழிப்புச் சான்றிதழ் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். போன், இமெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் கேட்டு ஓய்ந்துபோய்த்தான் இதைத் தபாலில் அனுப்புகிறேன்.

உங்கள் கிடங்கில் மாத வாடகைக்கு வைத்திருக்கும் என் பழைய வழக்குக் கட்டுப் பெட்டிகளில், 17-ம் எண் பெட்டியை அழிக்கவும், 19-ஐத் திருப்பி அனுப்பவும் எழுத்து மூலம் கேட்டிருந்தேன். உங்கள் வண்டி ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போனது, என் குமாஸ்தா கையெழுத்துப் போட்டு வாங்கினார். மறுநாள் அழிப்புச் சான்றிதழ் வருகிறது: பெட்டி எண் 17 முழுமையாக அழிக்கப்பட்டதாம். ஆனால் இறங்கிய பெட்டியின் பார்கோடு ஸ்டிக்கரில் இருப்பதும் 17தான். நீங்கள் போட்ட சிவப்பு சீல்கூடப் பிரியவில்லை. அப்படியானால் காகிதம் கிழிக்கும் உங்கள் மெஷினில் போனது எது? என் 19-ம் பெட்டியா? இதற்குத்தான் இதுவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

19-ல் இருந்தது என் சீனியர் காலத்துப் பாகப்பிரிவினை வழக்குக் கட்டு. அரூர் பக்கத்துக் குடும்பம். டிகிரி (தீர்ப்பாணை) ஆன வழக்குதானே என்று நினைக்க வேண்டாம், அதை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட 12 வருஷம் காலம் இருக்கிறது, கட்சிக்காரர் இப்போது போடச் சொல்கிறார். தீர்ப்பு நகலை மனுப் போட்டு வாங்கிவிடலாம். கோர்ட்டிலிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்த அசல் கூர்சீட்டுக்கு, அதாவது குடும்பச் சொத்தைப் பங்கு பிரித்து எழுதிய சீட்டுக்கு, எங்கே போவேன்? எழுதியவரும் உயிரோடில்லை, சாட்சி போட்டவர்களும் இல்லை. என் தொழிலே இந்த ஒரு பெட்டியோடு முடிந்தது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை உங்கள் கஸ்டமர் கேரில் சொன்னபோது கிடைத்த பதில்: “பழைய பேப்பர்தானே மேடம், எடைக்குப் போட்டாக்கூட என்ன கிடைச்சிருக்கும்?” விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், “ஆபீஸ்ல சார் யாராவது இருந்தா போனைக் குடுங்க.” ஐயா, என் ஆபீஸில் சார் கிடையாது. போர்டில் இருப்பது என் பெயர்தான். அந்தக் குரலின் சொந்தக்காரர் யார் என்று உங்கள் ரெக்கார்டிங்கில் கேட்டுப் பாருங்கள்.

அவர்தான் கிடங்குக்கு நேரில் வரச் சொன்னார். நடக்க இருந்த ஒரு விசாரணைக்கு வாய்தா வாங்கிக்கொண்டு, கிருஷ்ணகிரி டோல்கேட், சூளகிரி நெரிசல் எல்லாம் தாண்டி ஓசூர் வந்தேன். கேட்டில் செக்யூரிட்டி, பெங்களூர் ஆபீஸ் மெயில் இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். பெங்களூர் ஆபீஸோ, ஓசூரில்தான் கேட்க வேண்டும் என்றது.

அந்த நாற்காலியில் இருந்தபடி இன்னொன்றையும் பார்த்தேன். சான்றிதழில் ‘பி-4 தரம்’ என்று அச்சடிக்கிறீர்கள். காகிதத்தை எவ்வளவு பொடியாகக் கிழிக்க வேண்டும் என்பதற்கான தரம் அது; பி-4 என்றால் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுவரோரம் வாய் திறந்து கிடந்த சாக்கில் முழ நீளக் கீற்றுகள். ஒன்றில் யாருடையதோ செல்போன் எண் பத்து இலக்கமும் முழுசாகப் படிக்க முடிந்தது. 17-ம் பெட்டியில் இருப்பவை விவாகரத்து, ஜீவனாம்சக் கட்டுகள். ஒரு பெண் தன் அம்மாவிடம்கூடச் சொல்லாததை எங்களிடம் சொல்லியிருப்பாள். அதை இனி உங்களை நம்பி அனுப்புவேனா?

கட்சிக்காரர் ரகசியம் வழக்கு முடிந்த பிறகும் எங்களைக் கட்டுப்படுத்தும். சாட்சியச் சட்டத்தில் 126-வது பிரிவாக இருந்து, இப்போது 2023-ம் வருஷ பாரதிய சாட்சிய அதினியத்தில் 132 ஆகியிருக்கிறது. குமாஸ்தாவுக்கும் பொருந்தும். விஷயம் வெளியே போனால் பார் கவுன்சில் முன் நிற்கப்போவது நான், நீங்கள் அல்ல.

உங்களோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை, பெட்டி கிடைத்தால் போதும். ஆனால் ஒப்பந்தத்தில் ‘பெங்களூர் நீதிமன்ற எல்லைக்குட்பட்டது’ என்று போட்டிருக்கும் தைரியத்தில் இருக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34-வது பிரிவுப்படி நான் தொழில் செய்யும் ஊரிலேயே புகார் போடலாம். வக்கீல் ஃபீஸும் எனக்குச் செலவில்லை.

19-ம் பெட்டி கிடங்கில் எந்த ரேக்கில் இருக்கிறது, கடைசியாக ஸ்கேன் செய்தது எப்போது, யார் என்ற பதிவை 15 நாளுக்குள் எழுத்து மூலம் அனுப்புங்கள். தவறான சான்றிதழை ரத்து செய்து கடிதம் கொடுங்கள். மாத வாடகை பில்லை அதுவரை நிறுத்தி வைக்கவும். 17-ம் பெட்டியை எடுக்க வண்டி அனுப்ப வேண்டாம், தர மாட்டேன்.

போனில் பேசுவதானால் மதியம் 1.30-க்கு மேல் 2 மணிக்குள் கூப்பிடவும், மற்ற நேரம் கோர்ட்டில் இருப்பேன். முன்பு பேசிய அந்த நபர் மட்டும் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
17-ம் எண் பெட்டியின் உரிமையாளர்

இணைப்பு: சான்றிதழ் நகல், பெட்டி ஸ்டிக்கரின் புகைப்படம், டெலிவரி ரசீது.