மொத்தமாக ஃபிஷ் ஃபைண்டர் வாங்கப்போகும் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்த் தூண்டில் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிறு படகு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு மொத்தமாக ஃபிஷ் ஃபைண்டர், அதாவது தண்ணீருக்கு அடியில் இருப்பதை ஒலியால் அறிந்து திரையில் காட்டும் கருவி, வாங்கித் தர முடிவு செய்திருக்கிறீர்கள். நல்ல முடிவு. வாரம் முழுக்கத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஃபைபர் சம்பானில் 15 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நம் உறுப்பினர்கள். ஆளுக்கு ஆயிரம் ரிங்கிட் என்பது அவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை. அதனால்தான், பணம் கட்டுவதற்கு முன் இந்த மடலைப் படித்துவிடுங்கள் என்று கேட்கிறோம்.

உங்கள் பட்டியலில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, ஏழு அங்குலத் திரையும், படகின் இரு பக்கத்தையும் படமாகக் காட்டும் பக்கவாட்டு ஸ்கேனும் உள்ள கருவி. மற்றொன்று, சின்ன பேட்டரிகளில் ஓடும், பெயர் தெரியாத கைக்கருவி. முதலாவது நமக்குத் தேவைக்கு மேல். இரண்டாவது தேவைக்குக் கீழ். நடுவில் ஒரு வகை இருக்கிறது. அதை வாங்கி, மிச்சப் பணத்தை டிரான்ஸ்டியூசரை (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம்) ஒழுங்காகப் பொருத்துவதற்கும் பேட்டரிக்கும் செலவழித்தால் எல்லாருக்கும் பயன்படும்.

முதலில் நம் தண்ணீரைப் பார்ப்போம். நிபோங் திபாலிலிருந்து நம் ஆட்கள் இரண்டு இடத்துக்குத்தான் அதிகம் போகிறார்கள்: கிரியான் ஆறும் அதன் கழிமுகமும் ஒன்று, 1906-இல் நெல் பாசனத்துக்காக அணை கட்டி உருவான புக்கிட் மேரா ஏரி மற்றொன்று. கழிமுகம் சேறு, கலங்கல், உப்பும் நன்னீரும் கலக்கும் இடம். ஏரி ஆழமில்லாதது, பாசியும் மூழ்கிய மரக்கட்டைகளும் நிறைந்தது. கடலுக்குள் போனாலும், ஒரு சம்பான் பத்திரமாகப் போய்த் திரும்பும் தூரத்தில் முப்பது மீட்டர் ஆழத்தைப் பார்ப்பதே அரிது. கார்மின் ஸ்டிரைக்கர் 4 போன்ற சிறிய கருவியே உப்புத் தண்ணீரில் 750 அடி வரை பார்க்கும் என்று அதன் விவரக்குறிப்பு சொல்கிறது. ஆகவே பெட்டியின் மேல் போட்டிருக்கும் ஆழக் கணக்கையும் வாட் கணக்கையும் வைத்து நாம் முடிவு செய்ய வேண்டியதே இல்லை.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் கருவி வேலை செய்யாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது கேமராவுக்குப் பொருந்தும். இது ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிற கருவி. சேற்றுத் தண்ணீரிலும் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்பும். கழிமுகத்தில் வேறொரு விஷயம்தான் ஆளைக் குழப்பும். கடல் நீர் ஏறும் நேரத்தில் கனமான உப்புத் தண்ணீர் அடியிலும், நன்னீர் மேலேயும் தங்கும். அந்த இரண்டும் சந்திக்கும் இடம் திரையில் நடுவாக்கில் ஒரு மங்கலான கோடாகத் தெரியும். அதைத் தரை என்றோ மீன் கூட்டம் என்றோ எண்ணிவிடக் கூடாது.

அடுத்தது கோணம். டிரான்ஸ்டியூசரிலிருந்து ஒலி டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி விரிந்துகொண்டே கீழே போகிறது. 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் 20 டிகிரி கோணம் என்று வைத்துக்கொண்டால், பத்து மீட்டர் ஆழத்தில் அது பார்க்கும் வட்டம் மூன்றரை மீட்டர் அகலம். புக்கிட் மேராவில் இரண்டு மீட்டர் ஆழத்தில் நிற்கும்போது அதே வட்டம் எழுபது சென்டிமீட்டர்தான். அதாவது சம்பானுக்கு அடியில் ஒரு தாம்பாளம் அளவு இடத்தைத்தான் கருவி பார்க்கிறது, அதிலும் மேற்பரப்பை ஒட்டிய பகுதி கருவியின் சொந்த இரைச்சலிலேயே மறைந்துபோகும். போதாக்குறைக்கு, ஆழமில்லாத இடத்தில் மீன் படகைக் கண்டு விலகிவிடும். ஆகவே ஏரிக்குப் போகிறவர்களிடம் நாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அங்கே இந்தக் கருவி மீனைக் காட்டும் என்று வாங்காதீர்கள். ஆழம் எங்கே இறங்குகிறது, பாசி எங்கே முடிகிறது, கட்டை எங்கே கிடக்கிறது என்று காட்டும். அது தெரிந்தால் தோமான், பாவுங் மீன்கள் எங்கே பதுங்கும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இனி திரை. இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. ஸ்டிரைக்கர் 4-இன் திரை 3.5 அங்குலம்தான், ஆனால் நின்ற வாக்கில் 320×480 புள்ளிகள். ஐந்து அங்குலக் கருவிகளில் பெரும்பாலும் 800×480. விலை குறைந்த ஏழு அங்குலக் கருவிகள் பலவற்றிலும் அதே 800×480-தான். ஆழத்தைக் காட்டுவது செங்குத்துப் புள்ளிகள். அது மூன்றிலும் 480. பத்து மீட்டர் ஆழத்தை முழுத்திரையில் காட்டினால் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். திரை பெரிதானால் எழுத்து பெரிதாகத் தெரியும், கடந்துபோன வரலாறு நீளமாகத் தெரியும். கீழே இருக்கிற மீன் கூடுதல் தெளிவாகத் தெரியாது. கண்ணாடி போடும் மூத்த உறுப்பினர்களுக்கு ஐந்து அங்குலம் கொடுங்கள். மற்றவர்களுக்கு நான்கு அங்குலத்தை ஒட்டியே போதும். கடையில் பார்க்கும்போது போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெயிலில் கருவியை நேராகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பாருங்கள். சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக்க இருண்டுவிடும்.

பக்கவாட்டு ஸ்கேன் தவறான பொருள் இல்லை. ஆனால் படகு நேர்கோட்டில், ஒரே வேகத்தில், ஆடாமல் போனால்தான் படம் ஒழுங்காக வரும். கழிமுகத்தில் அலை அடிக்கும்போது சம்பானில் அது கிடைக்காது. அந்தக் காசுக்கு ஜிபிஎஸ் உள்ள கருவியை எடுங்கள். துக்குன் (மீன் தங்கக் கடலடியில் போட்ட செயற்கைப் பாறை) இருக்கும் இடம், உடைந்த கேலோங் (கம்பம் நட்டுக் கட்டிய மீன்பிடி மேடை) கம்பங்கள் கிடக்கும் இடம், ஆற்று வாயில் வண்டல் மேடு ஏறியிருக்கும் இடம், எல்லாவற்றையும் குறித்துவைத்துக்கொண்டு சில மீட்டர் பிசகில் திரும்பப் போகலாம். மழை இறங்கிக் கரை மறைந்த நேரத்தில் வந்த வழியே திரும்பவும் அது உதவும். ஸ்டிரைக்கர் 4-இல் கடல் வரைபடம் இல்லை, குறியிடும் வசதி மட்டும் உண்டு. நமக்கு அது போதும். ஹம்மின்பேர்ட் பிரான்ஹாமேக்ஸ் 4 நல்ல கருவிதான், 28 டிகிரி, 16 டிகிரி என இரண்டு கோணம் உண்டு, ஆனால் ஜிபிஎஸ் இல்லை. ஏரிக்கு மட்டும் போகிறவருக்கு அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கழிமுகத்துக்குப் போகிறவர்களுக்கு சர்ப் (CHIRP) உள்ள கருவியே வேண்டும். ஒரே அலைவரிசையில் ஒலியை அனுப்புவதற்குப் பதிலாக அடுத்தடுத்துப் பல அலைவரிசைகளை அனுப்புவதால், தரையை ஒட்டி நிற்கும் சியாக்காப் (கொடுவா) மீனைத் தரையிலிருந்து பிரித்துக் காட்ட அதனால் முடிகிறது. எறிந்து விடும் வகை, அதாவது வைஃபை மூலம் கைப்பேசியில் காட்டும் மிதவைகள், கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கு நல்லவை. ஓடும் படகுக்கு வேண்டாம்.

இணையத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: பெட்டியில் டிரான்ஸ்டியூசர் இருக்கிறதா? திரையை மட்டும் தனியாக விற்பவர்கள் உண்டு. நான்கு முனை, எட்டு முனை என்று பிளக் வேறுபடும். ஒன்றில் மற்றொன்று பொருந்தாது. உள்நாட்டு உத்தரவாதம் எழுத்தில் இருக்கட்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்தக் கருவி சரியில்லை என்று எங்களிடம் கொண்டுவரப்படுவதில் பெரும்பாலானவற்றில் கருவி நன்றாகவே இருக்கும், பொருத்தியதுதான் கோளாறாக இருக்கும். டிரான்ஸ்டியூசருக்கு எதிரி காற்றுக் குமிழி. முன்னோக்கி ஓடும்போது, பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் சாதாரண புரொபெல்லரின் இடப்பக்கத்து இறக்கைகள் மேலே ஏறுகின்றன, அங்கே குமிழி அதிகம். ஆகவே சம்பானின் பின்பலகையில் வலப்பக்கம் பொருத்துங்கள், புரொபெல்லரிலிருந்து குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளி. படகின் அடியில் மேடாக ஓடும் வரிக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள். ஃபைபர் படகில் டிரான்ஸ்டியூசர் அடிமட்டத்திலிருந்து 3 மில்லிமீட்டர் கீழே நிற்கவேண்டும், அலுமினியப் படகில் 10 மில்லிமீட்டர். அதன் முகம் தண்ணீர் மட்டத்துக்கு இணையாக இருக்கவேண்டும். படகில் ஆள் ஏறி, எஞ்சின் மாட்டிய நிலையில் பார்த்துதான் இதைச் சரி செய்ய முடியும். தரையில் கவிழ்த்துப் போட்டு அளந்தால் தப்பாகும்.

நேரடியாகப் பின்பலகையில் துளை போடுவதைவிட, முதலில் ஒரு பலகையைப் பொருத்தி அதில் டிரான்ஸ்டியூசரை மாட்டுவது நல்லது. பிறகு உயர்த்தவோ தாழ்த்தவோ படகில் புதுத் துளை போடவேண்டாம். இதற்குச் சமையலறையில் காய் நறுக்கும் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை நன்றாக உழைக்கும், ஆனால் அதில் எபாக்ஸி ஒட்டாது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போட்டு, துளைக்குள் கடல் சீலண்ட் நிரப்பி முடுக்க வேண்டும். எவ்வளவு ஆழம் துளைக்கலாம் என்று துளையிடும் கம்பியில் ஒட்டுநாடா சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.

வயர் நீளமாக இருக்கிறது என்று டிரான்ஸ்டியூசர் வயரை வெட்டி இணைக்காதீர்கள். அது மின்னிரைச்சல் புகாதபடி உறை போட்ட வயர், வெட்டிய இடத்தில் இரைச்சலும் உப்பும் உள்ளே போகும். மிச்சத்தைத் தளர்வாகச் சுற்றிக் கட்டி, எஞ்சின் வயரிலிருந்தும் தண்ணீர் இறைக்கும் பம்ப் வயரிலிருந்தும் தள்ளிவையுங்கள். மின்சார இணைப்பில் வெறும் கறுப்பு டேப் சுற்றினால் ஒரு பருவத்துக்குள் செம்பு கறுத்து, உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே விரல் நீளத்துக்குப் பச்சைப் பொடியாகியிருக்கும். உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போட்டு அடையுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ், கையேடு சொல்லும் அளவில்.

கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சின் உள்ளவர்களுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி போதும். சிறிய கருவி கால் ஆம்பியரை ஒட்டித்தான் இழுக்கும். பாதி வரை இறக்கினாலும் ஒரு நாள் முழுக்க ஓடும். தானே ஸ்டார்ட் ஆகும் எஞ்சின் உள்ளவர்கள் அந்த பேட்டரியிலிருந்தே எடுத்தால், ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்ட் இறங்கிக் கருவி அணைந்து எழும். தனி பேட்டரியே மேல்.

கருவியைக் கையில் கொடுக்கும்போது இந்த அமைப்புகளை நீங்களே போட்டுக் கொடுத்தால் பாதிக் குறை வராது. அளவு மீட்டரில். தண்ணீர் வகை, ஆற்றுக்கும் கடலுக்கும் ஏற்றபடி. ஆழ வரம்பு கையால் வைத்தது. மீன் படம் காட்டும் வசதி அணைக்கப்பட்டது, ஏனென்றால் அது குமிழியையும் பாசியையும்கூட மீன் என்று போடும். உணர்திறனைத் திரை முழுக்கப் புள்ளி வரும்வரை ஏற்றி, பிறகு புள்ளி மறையும்வரை இறக்க வேண்டும். திரையின் வலது ஓரம்தான் இப்போது, மற்றதெல்லாம் கடந்தது என்பதையும் சொல்லுங்கள். இடது பக்கம் தெரிந்த மீனுக்குத் தூண்டில் இறக்கிவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. ஓடும்போது ஆழம் மறைந்தால் டிரான்ஸ்டியூசரை ஓரிரு மில்லிமீட்டர் தாழ்த்துங்கள். கெட்டித் தரையில் ஆழம் இரட்டிப்பாகக் காட்டினால் அது இரண்டாவது எதிரொலி, உணர்திறனைக் குறையுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் செங்குத்துக் கோடுகள் விழுந்தால் வயரைப் பாருங்கள்.

ஆற்றிலேயே கட்டிக்கிடக்கும் படகுகளின் டிரான்ஸ்டியூசரில் தெரித்திப் (படகின் அடியில் ஒட்டி வளரும் சிறு ஓட்டு உயிரி) ஒட்டும். கத்தியால் சுரண்டாமல், சோப்புத் தண்ணீரும் பஞ்சும் வைத்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். மொத்த ஆர்டருக்கு முன் இரண்டு கருவி மட்டும் வாங்குங்கள்: ஜிபிஎஸ்ஸும் சர்ப்பும் உள்ள நான்கு அங்குலக் கருவி ஒன்று, அதே நிறுவனத்தின் ஐந்து அங்குலக் கருவி ஒன்று. ஒன்றைக் கழிமுகத்துக்குப் போகும் சம்பானிலும் மற்றொன்றை ஏரிக்குப் போகும் சம்பானிலும் நாங்கள் பொருத்தித் தருகிறோம், கூலி வேண்டாம். கடல் நீர் ஏறும்போதும் வடியும்போதும் செயலவையில் ஒருவர் கூட வந்து பார்க்கட்டும். ஒருவருக்கு ஆயிரம் ரிங்கிட் என்றால் முந்நூறைப் பேட்டரி, பலகை, வயர், ஃபியூஸுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கருவியைத் தேடுங்கள். பொருத்தும் முறையைக் கற்றுக்கொள்ள விரும்பும் உறுப்பினர்களை அன்று அழைத்துவாருங்கள், துளையிடும் கருவியும் சீலண்ட்டும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
படகுகளில் கருவி பொருத்தித் தரும் உறுப்பினர்கள் சிலர்,
நிபோங் திபால்