கோலத்தைப் பாருங்கள், போட்டது யாரென்று அப்புறம் கேளுங்கள்

பொங்கல் விழாக் குழுத் தலைவர், செயலாளர், கோலப்போட்டி நடுவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோலப்போட்டியில் நடுவர்கள் கோலத்துக்கு முன்னால் ஆளைத்தான் பார்த்தார்கள் என்று தெருவில் ஓடும் பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது, எவர்சில்வர் குடம் அடுப்படியில் இருக்கிறது. ஆகவே பரிசு கிடைக்காத வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

கேட்பது இதுதான். அடுத்த ஆண்டு கோலத்துக்குப் பக்கத்தில் பெயர் அட்டை வேண்டாம், எண் மட்டும் போதும். நடுவர்கள் வரும்போது கோலம் போட்டவர்கள் அங்கே நிற்கவும் வேண்டாம்.

இந்த முறை அட்டையில் பெயர் மட்டுமா இருந்தது? கணவர் அல்லது தந்தை பெயர், தெரு, தொழில் எல்லாம் இருந்தது. நடுவர்கள் முதலில் குனிந்து அட்டையைப் படித்தார்கள், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார்கள், கடைசியில்தான் தரையைப் பார்த்தார்கள். "அட, டாக்டர் வீட்டம்மாவா! மாமியார் சௌக்கியமா?" என்று ஒரு கட்டத்தில் விசாரிப்பு. என் கட்டத்தில், வீட்டுக்காரர் வேலை பார்க்கும் வங்கியில் நகைக்கடனுக்கு இப்போது என்ன வட்டி என்று ஒருவர் கேட்டார். கோலத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அந்தக் குடம் என் கோலத்துக்கு வந்ததா, அவருடைய வங்கிக்கு வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

கடைசிக் கட்டத்தில் இருந்த அக்காவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். நம் தெருவில் நாலைந்து வீடுகளுக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுவது அவர்தான். தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். கலர்ப்பொடி மயில்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி வைத்துச் சிக்குக் கோலம் எடுத்தார். வெறும் அரிசி மாவு, ஓரத்தில் காவி, அவ்வளவுதான். பக்கத்துக் கட்டத்தில் என் வேலையை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு ஒரே பருமனில் இறங்கியது. வளைவில் தடிக்கவில்லை, திருப்பத்தில் அறவில்லை. எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டு, இழை புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்ந்தது. எங்கே ஆரம்பித்தார் என்று பிறகு தேடினால் தெரியாது.

நடுவர்கள் அங்கே நின்ற நேரத்தில் ஒரு போட்டோகூட எடுத்திருக்க முடியாது.

அந்த நடுவர்களில் ஒருவருடைய வாசலில் தினமும் விடியற்காலையில் கோலம் போடுவதும் இதே அக்காதான். "இன்றைய எங்கள் வீட்டு வாசல்" என்று மார்கழி முழுக்க அந்த நடுவர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார். நாமும் போட்டி போட்டுக்கொண்டு இதயம் அனுப்பினோம். அந்தப் படங்களில் கோலம் போட்டவர் பெயர் இல்லை. அதே கை போட்ட கோலம் பெயரோடும் தொழிலோடும் தரையில் கிடந்தபோது அந்த நடுவர் கண்ணில் படவில்லை. போட்டிக்காக ஒரு வீட்டு வேலைக்குத் தாமதமாகப் போய், அக்கா அங்கே பேச்சும் வாங்கியிருக்கிறார். பேசியவர்கள் யாரென்று எழுதினால் தெருவில் சண்டைதான் வரும், விட்டுவிடுகிறேன்.

நடுவர்கள் வேண்டுமென்றே ஆள் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள்தான். ஆனால் நல்ல மனிதர்கள்தான் திருத்துகிறார்கள் என்பதற்காகப் பொதுத்தேர்வு விடைத்தாளைப் பெயரோடு அனுப்புகிறார்களா? மாணவரின் படமும் பதிவெண்ணும் உள்ள முகப்புத் தாளைப் பிரித்து எடுத்துவிட்டுத்தானே திருத்தத் தருகிறார்கள்? தலைவர் ஐயா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெரிய இடத்து உதாரணம் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சின்னத்துக்கு 1981-இல் போட்டி வைத்தார்கள். வந்த வடிவங்கள் 1,421. ஒன்றிலும் பெயர் இல்லை, எண் மட்டும்தான். தேர்வான 1026-ஆம் எண்ணுக்கு உரியவர் யாரென்று பார்த்தால், யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பெண் மாயா லின். சீனாவிலிருந்து குடியேறியவர்களின் மகள். பெயரும் வயதும் மேலே ஒட்டியிருந்தால் அந்த வடிவத்தை எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள்?

"கைப்பாங்கை வைத்தே யாரென்று சொல்லிவிடுவோமே, எண் எதற்கு?" என்று செயலாளர் சிரித்துக்கொண்டே கேட்டதாகக் கேள்விப்பட்டேன். கண்டுபிடிக்கட்டும், கண்டுபிடிப்பதற்காகவாவது கோலத்தைப் பார்ப்பார்கள் அல்லவா? இன்னும் நல்லது, வெளியூரிலிருந்து இரண்டு பேரை நடுவராக அழைப்பது. காலையில் சீட்டுக் குலுக்கி எண் கொடுங்கள். எந்த எண் யாருக்கு என்ற பட்டியலை உறையில் ஒட்டி வைத்துவிடுங்கள். நேரம் முடிந்து மணி அடித்ததும் நாங்கள் பந்தலுக்குப் பொங்கல் சாப்பிடப் போய்விடுகிறோம், நடுவர்கள் அதற்குப் பிறகு வரட்டும். முடிவு எழுதும்வரை யாரும் குழுவில் படம் போடக் கூடாது. எம்பிராய்டரி, தஞ்சாவூர் ஓவியம் வைக்கும் கைவினை மேசைக்கும் இதுவே வழி. ஓவியத்தில் கையெழுத்து இருந்தால் அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டினால் தீர்ந்தது.

பெயரை மறைப்பது மரியாதைக் குறைவு என்று குழுவில் ஒருவர் வருத்தப்பட்டாராம். பரிசு வாங்க மேடைக்கு எங்களை எப்படிக் கூப்பிட்டீர்கள்? 'பொறியாளர் அவர்களின் துணைவியார்', 'பேங்க் சாரின் வீட்டம்மா'. என் சொந்தப் பெயர் அட்டையில் இருந்தது, மைக்கில் வரவில்லை. பொன்னாடை போர்த்த வந்த புரவலர் பெயர் மட்டும் பட்டங்களோடு ஐந்தாறு முறை கேட்டது. பேச்சு முடிவதற்குள் காற்று பாதிக் கோலங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிவு எழுதும்வரை எண் மட்டும் இருக்கட்டும். எழுதிய பிறகு, பரிசு பெறாதவர்கள் உட்பட எல்லாருடைய சொந்தப் பெயரையும் அவரவர் கோலத்துக்கு முன்னால் பெரிதாக எழுதி வையுங்கள். இவ்வளவுதான் வேண்டுகோள். வரவு செலவுக் கூட்டம் நடக்கும்போது இதையும் எடுத்துப் பேசி முடிவு சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எண் அட்டைகளை நானே வெட்டி எழுதித் தருகிறேன், அந்தச் செலவு குழுவுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்றாம் பரிசுக்காரி