அளந்துவிட்டு அடுத்த வீட்டைக் கட்டுங்கள்: கடலோர வீட்டுத் திட்ட அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர் பெருமக்களுக்கு,

வணக்கம். தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் கிடைத்தது. இராமநாதபுரம் கடலோரக் கிராமங்களில் அடுத்த கட்டமாகக் கட்டப்போகும் வீடுகளின் கான்கிரீட் கூரைத் தளத்துக்கு மேல் வெப்பத் தடுப்பு வேலையையும் சேர்க்கச் சொல்லி, குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு ஆறு பக்கம். பதில் ஒன்றரை வரி: "மதிப்பீட்டில் இடமில்லை. தேவைப்படும் பயனாளிகள் சொந்தச் செலவில் செய்துகொள்ளலாம்." வேலைப்பளுவில் சுருக்கமாக எழுதியிருப்பீர்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மனுவில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. இதுவரை கட்டிக் கொடுத்த வீடுகளுக்குள் இரவு பத்து மணிக்கு எத்தனை டிகிரி என்று யாராவது அளந்திருக்கிறீர்களா?

அளந்துவிட்டு அடுத்த வீட்டைக் கட்டுங்கள். எங்கள் கோரிக்கை இதுதான்.

திட்டத்தின் கதை முழுவதும் தங்களுக்குத் தெரியும் என்பதால் தளத்துக்கே வருகிறோம். 10 செ.மீ. கனத்தில் 300 சதுர அடிக்கு வார்த்த கான்கிரீட் தளத்தின் எடை ஏறத்தாழ 6,700 கிலோ. காலையிலிருந்து மாலைக்குள் இந்தக் கனம் முழுவதும் 10 டிகிரி சூடேறினால், அதில் சேரும் வெப்பம் சுமார் 16 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை 16 மணி நேரம் விடாமல் ஓட்டினால் வருகிற சூடு அது. உச்சிவெயில் தளத்தின் மேல்பக்கம் விழுந்தாலும் அடிப்பக்கம் உச்சத்துக்கு வர மூன்று மணி நேரம் பிந்தும். வெயில் தாழ்ந்து, கடல்காற்று வந்து, வெளியே ஆள் நிற்க முடிகிற நேரத்தில்தான் வீட்டுக்குள் தளம் அனலைக் கக்கத் தொடங்குகிறது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு ஏறித் தளத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டதுபோல் இருக்கும். அதற்கு ஒரு முழம் கீழேதான் பேன் தொங்குகிறது. தளத்தை ஒட்டித் தேங்கிய சூட்டை இழுத்துப் பாயில் படுத்திருப்பவர் மேல் தள்ளுவதுதான் முன்னிரவு முழுக்க அதன் வேலை.

ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கடற்கரை மணலுக்கோ மீன் ஏலக்கூடத்துக்கோ போய்விடுகிறார்கள். பிள்ளை பெற்று வந்தவள் எங்கே போவாள்? வயதுக்கு வந்த பெண்ணும், மூட்டு வலியில் எழுந்து நடக்க முடியாத கிழவியும் எங்கே போவார்கள்? அவர்கள் கதவைத் தாழிட்டு உள்ளேதான் படுக்க வேண்டும். தாழிட்டதும் காற்று நின்றுவிடும். சன்னலைத் திறந்தால் கொசு. பச்சைக்குழந்தையின் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வியர்க்குரு கொத்துக் கொத்தாக எழும்பியிருக்கும். தாய் சேலைத் தலைப்பை நனைத்துத் தரையில் விரித்துப் பிள்ளையைக் கிடத்துவாள், அரை மணியில் அதுவும் வெதுவெதுப்பாகிவிடும். இரவு ஒரு மணி, இரண்டு மணிக்குத் தளம் ஆறியபிறகுதான் அந்த வீடு தூங்குகிறது. நான்கு மணிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு எழ வேண்டும். இரவெல்லாம் கடலில் கிடந்து விடியலில் கரையேறுகிற ஆணுக்கு இன்னொரு கொடுமை. அவர் தூங்க வேண்டிய பகலில்தான் தளம் சூடேறிக்கொண்டிருக்கிறது.

இதை வசதிக்குறைவு என்று எழுதிவிட்டு நகராதீர்கள். தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். வியர்வை ஆவியானால்தான் அது இறங்கும். ஈரம் ஊறிய கடலோரக் காற்றில் வியர்வை வழிகிறதே தவிர எளிதில் உலர்வதில்லை. உடம்பு இரவிலும் இதயத்தை வேகமாக ஓட்டி, தோலுக்கு இரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இரத்தக் கொதிப்புக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது நேரடியான ஆபத்து. வாலிநோக்கம் உப்பளத்தில் பகலெல்லாம் நின்றவருக்கும், பாசி எடுக்கக் கடலில் மூழ்கி எழுந்த பெண்ணுக்கும் உடம்பு தேறுகிற நேரம் இரவுதான். உப்பளத் தொழிலாளர்களின் வெப்பச் சுமையையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டிலேயே அளந்திருக்கிறார்கள். வேலையிடத்தில் அளக்க முடிகிறதென்றால் வீட்டுக்குள்ளும் அளக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டி, வீட்டுக்குள்ளான அதிக வெப்பத்திலிருந்து மக்களைக் காக்க வழிசெய்யச் சொல்கிறது.

"பாம்பனில் வெப்ப அலையே வருவதில்லையே" என்று தங்கள் தரப்பில் சொல்வார்கள். வாராதுதான், ஏனென்றால் கணக்கு அப்படி. கடலோரத்தில் பகல் வெப்பம் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்று சொல்லும். வெப்ப இரவு என்று அறிவிக்கவோ அன்றைய பகல் 40 டிகிரியை எட்டியிருக்க வேண்டும். கடல்காற்று பகல் வெப்பத்தை அந்த உயரத்துக்கு விடுவது அரிது, இரவை இறங்கவும் விடாது. ஆகவே கடலோரத்தான் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தாலும் ஏட்டில் ஏறாது. வானிலை நிலையத்து வெப்பமானி, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் இருக்கிறது. மக்கள் இருப்பது தளத்துக்கு அடியில்.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெப்பத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. நல்ல முடிவு, வரவேற்கிறோம். ஆனால் செத்த பிறகு கொடுப்பதற்குக் கணக்குத் தலைப்பு இருக்கிற நாட்டில், உயிரோடு இருப்பவர் தலைக்கு மேல் சுண்ணாம்பு அடிக்கக் கணக்குத் தலைப்பு இல்லை என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது? சாலைக்கு உண்டு, அலங்கார வளைவுக்கு உண்டு, திறப்புவிழாக் கல்வெட்டுக்கு உண்டு. வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். பணிவாகவே மறுபடி கேட்கிறோம்: வீட்டுக்குள் அளந்துவிட்டு அடுத்த வீட்டைக் கட்டுங்கள்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். பழைய மாதிரி பேன் 75 வாட். இரவும் பகலும் ஓடினால் 60 நாளில் 108 யூனிட். இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை ஒரே ஒரு பேன் தின்றுவிடுகிறது. விளக்கும் மிக்சியும் பிரிட்ஜும் அதற்கு மேல். மீட்டர் பார்க்க வரும் நாள் நெருங்கினால் பேனை நிறுத்திவைக்கிற வீடுகள் உண்டு. மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த 30 வாட் பி.எல்.டி.சி. பேன் என்றால் அதே ஓட்டத்துக்கு 43 யூனிட்தான். கடன் வாங்கி ஏசி மாட்டுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். வெறுந்தளத்தின் கீழ் 1 டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஐந்தாறு யூனிட் போகும். உப்புக்காற்று வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை அரித்துத் தூளாக்கிவிடும். கூரையில் செய்யாத செலவைக் குடும்பம் மீட்டரில் கட்டிக்கொண்டிருக்கிறது.

"சாக்கை நனைத்துத் தளத்தில் போடச் சொல்லுங்கள்" என்று வாய்மொழியாக ஓர் ஆலோசனையும் வந்தது. தயவுசெய்து அதை யாருக்கும் சொல்லாதீர்கள். காவிரிக் கூட்டுக்குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊர் இது. போர்வெல் தண்ணீரோ பல இடங்களில் உப்பு. உப்புநீர் தளத்தின் மயிரிழை விரிசல்களில் இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், காரை பெயர்ந்து படுத்திருப்பவர் மேல் விழும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. இந்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் கொண்டுவந்த குடியிருப்புக் கட்டட விதியில், கூரை வழியாக வெப்பம் கடக்கும் அளவு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது. வெறுந்தளத்தில் அது மூன்றரை வாட்டுக்கு மேல். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதித்தால் இறங்கும், ஆனால் 1.2-க்கு வராது. அதன் அடியில் 25 மி.மீ. கெட்டித் தெர்மாகோல் பலகை வைத்தால் 1-ஐ ஒட்டி வந்துவிடும். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளை அந்த விதி கட்டாயப்படுத்தவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். சின்ன வீட்டுக்காரன் உடம்புக்கும் அதே அளவுதான் பொருந்தும்.

கட்டி முடித்த வீடுகளுக்கு உடனடி வழி வெள்ளைச் சுண்ணாம்பு. கிலோ சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒருநாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பசை சேர்த்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோட் அடிக்க வேண்டும். தளத்தைக் கழுவிப் பாசியைச் சுரண்டாமல் அடித்தால் தோலுரிந்துவிடும். வாடை மழையில் பாதி கரைந்துபோகும் என்பதால் ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும், மாசிக்குள் அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனால் மறு வருடமே பழுப்பேறி வெயிலைக் குடிக்கத் தொடங்கும்.

சன்னலைப் பற்றிச் சுருக்கமாக. எங்களைப் போன்ற ஈர வெப்பப் பகுதிக்கு அதே விதி, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. 300 சதுர அடிக்கு 50 சதுர அடி. தங்கள் வரைபடத்தில் இருப்பது 4-க்கு 3 அடியில் இரண்டு சன்னல், மொத்தம் 24. அதுவும் தள்ளு சன்னல் என்றால் திறப்பது பாதி. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வரும் திசையில் ஒன்றும், எதிர்ச்சுவரில் தளத்தை ஒட்டி வென்டிலேட்டரும், இரண்டுக்கும் துருப்பிடிக்காத கொசுவலையும் வேண்டும்.

அளப்பதற்கு நாங்கள் கேட்கும் முறை இது. வெறுந்தளம், வெள்ளையடித்த தளம், சிமெண்ட் ஷீட், ஓலை அல்லது ஓடு என நான்கு வகைக் கூரை. வகைக்கு ஐந்து வீடு. பாய் விரிக்கும் இடத்தில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வெப்பமும் ஈரப்பதமும் பதியும் கருவி ஒன்று. காற்றின் சூட்டை மட்டும் அளந்தால் தளத்தின் அனல் தப்பிவிடும். அதனால் 40 மி.மீ. மேசைப்பந்தில் மங்கல் கறுப்பு பூசி, உள்ளே வெப்ப உணரி (சென்சார்) செருகி, பக்கத்தில் தொங்கவிட வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு, பன்னிரண்டு மாதம். உப்புக்காற்றில் ஈரப்பத உணரி பிசகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஈர உப்பு வைத்து மூடிய டப்பாவுக்குள் ஓர் இரவு வைத்துப் பாருங்கள், 75 சதவீதம் காட்டாவிட்டால் மாற்றுங்கள். கூடவே மின் அட்டைக் கணக்கும், வீட்டார் சம்மதத்தோடு கிராம சுகாதாரச் செவிலியர் குறிக்கும் தூக்க நேரமும் இரத்த அழுத்தமும் சேர வேண்டும். முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

அந்தக் கணக்கு வரும்வரை வெறுந்தளத்தோடு நிற்கும் எந்த வீட்டுக்கும் பணி முடிந்தது என்று சான்று போடாதீர்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். கருவி வைக்க இடம் கொடுக்கும் வீடுகளின் பட்டியல் தயாராக இருக்கிறது. தங்கள் பொறியாளர் வரும் நாளை மட்டும் தெரிவியுங்கள். ஏணி எங்களுடையது. வருவது மாலை ஏழு மணிக்கு மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டுமானம், மின்சாரம், சுகாதாரம் ஆகிய துறைகளில் பணிபுரியும் கடலோர ஊர்க்காரர்கள்