பிடித்தார்கள், அப்புறம்?

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. டாக்டர் சொன்ன தூரம் மட்டும் நட. உன் வீராப்பையெல்லாம் ஆறு மாதம் கழித்துக் காட்டலாம். இங்கே எல்லோரும் நலம். மூத்தவளுக்கு ஒருவழியாக மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 2003-ல் ஈராக்குக்குள் நுழைந்து பாக்தாத்தை மூன்றே வாரத்தில் பிடித்த அமெரிக்கர்களுக்கு, பிடித்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்க ஒரு ஆள்கூடவா இல்லை என்று கேட்டிருந்தாய். குவைத்தில் இருந்துகொண்டு அதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நீ. ஆள் இருந்தார்கள் சேது. அவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை.

அமெரிக்க வெளியுறவுத் துறை 2002-லேயே, ஈராக்கை விட்டு வெளியேறியிருந்தவர்களை உட்காரவைத்து, நீதிமன்றம், மின்சாரம், விவசாயம் என்று துறை துறையாக எழுதி வாங்கியது. 13 தொகுதிகள். ஆட்சி விழுந்ததும் கொள்ளை நடக்கலாம் என்ற எச்சரிக்கைகூட அதில் இருந்தது. ஆனால் போருக்குப் பிந்தைய பொறுப்பு 2003 ஜனவரி 20-ம் தேதி பென்டகனிடம், அதாவது பாதுகாப்புத் துறையிடம் போனது. படை நுழைந்தது மார்ச் 20. அதற்குள் ஜே கார்னர் என்ற ஓய்வுபெற்ற ஜெனரல் ஆள் சேர்த்து, ஒரு நிர்வாகத்தையே உருவாக்க வேண்டும். அந்த 13 தொகுதி வேலையை நடத்திய டாம் வாரிக்கை அவர் சேர்த்துக்கொண்டார். பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் விலக்கச் சொல்லிவிட்டார். இத்தனைக்கும் இதே நாடு, இரண்டாம் உலகப் போரில் பிடிக்கப்போகும் பகுதிகளை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்காக வர்ஜீனியாவில் ஒரு பள்ளியை 1942-லேயே தொடங்கியது. ஜெர்மனி சரணடைய அப்போது மூன்று வருடம் இருந்தது!

ஏன் இப்படி? மறதி என்று நான் நினைக்கவில்லை. தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி போருக்கு முந்தைய மாதம் செனட் குழுவிடம், பிறகு ஈராக்கைக் காக்கச் சில லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்றார். இரண்டே நாளில் ரம்ஸ்ஃபெல்டின் துணை அமைச்சர் பால் வோல்ஃபோவிட்ஸ் அதை மறுத்தார். சண்டை போடுவதைவிட அமைதி காக்க அதிக ஆள் வேண்டுமா, நம்பவே முடியவில்லை என்பது அவர் வாதம். ஷின்செகி சொன்னதை ஒப்புக்கொண்டால் செலவையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செலவைச் சொன்னால் போருக்கே ஆதரவு கிடைத்திருக்காது. மறுசீரமைப்புக்கு அமெரிக்கர்களின் வரிப்பணம் 170 கோடி டாலர் போதும் என்று ஏப்ரலில் தொலைக்காட்சியில் சொன்னார்கள்; அந்த நவம்பரிலேயே நாடாளுமன்றம் சுமார் 1,840 கோடி ஒதுக்க வேண்டியிருந்தது. யானை வாங்கும்போது அங்குசத்தின் விலையைச் சொல்லாமல் மறைத்த கதை.

பாக்தாத் விழுந்ததும் எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் போட்டார்கள். அருங்காட்சியகத்துக்குப் போடவில்லை, சுமார் 15,000 பொருட்கள் போயின. தேசிய நூலகம் எரிந்தது. இது உனக்கே தெரியும்.

எனக்கு ஆறாதது மே மாதம்தான். கார்னருக்குப் பதிலாக வந்த பால் பிரெமர், வந்த இரண்டு வாரத்துக்குள் இரண்டு உத்தரவு போட்டார். முதலாவது, சதாம் ஹுசேனின் பாத் கட்சியில் பொறுப்பில் இருந்தவர்களுக்கு அரசு வேலை கிடையாது. அந்த ஆட்சியில் மேலே வர வேண்டுமென்றால் கட்சி அட்டை வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் வீட்டுக்குப் போனார்கள். வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அது கூடுதலாக வலிக்கிறது என்று வைத்துக்கொள். இரண்டாவது உத்தரவு ராணுவத்தையே கலைத்தது. கார்னரோ அந்த வீரர்களைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்து, மறுசீரமைப்பு வேலையில் இறக்க நினைத்திருந்தார். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் சம்பளம் போனது. ஆயுதக் கிடங்குகளோ பல இடங்களில் காவல் இல்லாமல் திறந்து கிடந்தன. பிழைப்பு கேட்டு வாசலில் வந்து கத்தினார்கள். ஜூனில் அப்படி வந்தவர்களில் இருவர் சுடப்பட்டுச் செத்தார்கள். அதன் பிறகுதான் உதவித்தொகை என்றார்கள்.

ஆள் போதாமல் நம்மிடமும் கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஐ.நா. தீர்மானம் இல்லாமல் முடியாது என்று வாஜ்பாய் அரசு ஜூலையில் சொல்லிவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் நமக்கு இருந்த நிதானத்தை நான் இன்றும் மெச்சுகிறேன். நீ அப்போது திட்டினாய்.

சதாம் போனது நல்லதுதானே என்று எழுதியிருக்கிறாய். அந்த ஆளுக்காக நானும் அழவில்லை. ஆனால் அதை வைத்து அப்புறம் நடந்ததற்கெல்லாம் கணக்கு நேர் செய்துவிட முடியாது. உன் கம்பெனி லாரிகள் எல்லையைத் தாண்டி வடக்கே போயின என்று சொல்வாயே, முதலில் போனது என்ன சரக்கு? தண்ணீரா, சிமெண்டா? அதை விவரமாக எழுது.

பேத்திக்குப் பெயர் வைப்பது ஆவணியில். பத்திரிகை தனியாக வரும். தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா.

அன்புடன்,
ரா.