பதினேழாம் இடத்திலிருந்து வந்தவன்

நவம்பர் 2024

அன்பு மகளுக்கு,

நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து, பிரேசில் எஃப் ஒன் கார் ரேஸில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஜெயித்த ரிசல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு "மேக்ஸுக்கு அதிர்ஷ்டம்ப்பா, வேறென்ன" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டாயே, அதற்கு போனில் பதில் தட்ட எனக்குப் பொறுமை இல்லை. உட்கார்ந்து எழுதுகிறேன், டீ போட்டுக்கொண்டு படி.

மெயின் ரேஸுக்கு முன்னால் ஸ்பிரிண்ட் என்று ஒரு குட்டி ரேஸும் இருக்கிற வாரம் என்றாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு மணி நேரம் பயிற்சி, உடனே ஸ்பிரிண்டில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவுசெய்கிற குவாலிஃபையிங், சனிக்கிழமை அந்த 100 கிலோமீட்டர் ரேஸ், ஜெயித்தவனுக்கு 8 பாயிண்ட். அதையும் பியாஸ்ட்ரி தன் டீமிலேயே ஓட்டுகிற நோரிஸுக்கு விட்டுக்கொடுத்தான், முடிந்தது கதை. ராத்திரி இங்கே டர்பன் நேரம் 8 மணிக்கு மெயின் குவாலிஃபையிங் என்று நானும் தம்பியும் தீபாவளி பர்ஃபி டப்பாவோடு உட்கார்ந்தால் ரேஸ் நடக்கிற சாவ் பாவ்லோவில் மழை கொட்டுகிறது. இதோ அதோ என்று இழுத்தடித்து, கடைசியில் ஞாயிறு காலைக்குத் தள்ளிவிட்டார்கள். அம்மா அன்றைக்குத்தான் சஷ்டி விரதம் ஆரம்பித்திருந்தாள், பசியோ என்னவோ, "மழைக்குப் பயப்படுகிறவனுக்கு எதற்கு இந்தக் காரு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

பயம் இல்லை, கண் தெரியாது, அதுதான் விஷயம். 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பெருமழை டயர் ஒன்றே நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்கும் என்பது டயர் செய்கிற பிரெல்லி கம்பெனி கணக்கு. ஒரு காருக்கு நாலு டயர், இருபது கார். பின்னால் வருகிறவன் பார்ப்பது ஒரு வெள்ளைச் சுவர், அதற்குள் மின்னுகிற ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் (அங்கே காலை 7:30) குவாலிஃபையிங் நடந்தது. ஐந்து முறை சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார்கள்! கொலப்பின்டோ, சைன்ஸ், ஸ்ட்ரோல், அலான்சோ, ஆல்பன், ஒவ்வொருத்தனாகப் போய் இடித்தார்கள். ஆல்பன் காரை ரேஸுக்குள் சரிசெய்யவே முடியவில்லை. ஸ்ட்ரோல் இடித்தபோது கொடி காட்டத் தாமதமாகி, மேக்ஸ் கடைசிச் சுற்றை முடிக்க முடியாமல் 12-ஆவதாக நின்றான், புது எஞ்சினுக்கான ஐந்து இடத் தண்டனையும் சேர்ந்து 17. இதுவும் அதிர்ஷ்டமா? நோரிஸுக்குத்தான் போல் பொசிஷன், முதல் இடம்.

இப்போது நீ சொன்ன அதிர்ஷ்டத்துக்கு வருகிறேன். ஆமாம், ரேஸில் முன்னால் போய்க்கொண்டிருந்த ரஸ்ஸலும் நோரிஸும் பிட்டுக்குள் போய் டயர் மாற்றி வந்த கொஞ்ச நேரத்தில் கொலப்பின்டோ மறுபடி இடித்து ரேஸ் நின்றது, வெளியே தங்கிய ஓகான், மேக்ஸ், காஸ்லி மூன்று பேருக்கும் நின்ற இடத்திலேயே புது டயர் கிடைத்தது. அதை அதிர்ஷ்டம் என்று சொல், சண்டைக்கு வரமாட்டேன், நோரிஸும் அதைத்தான் சொன்னான். ஆனால் கொடி விழுவதற்கு முன்பே மேக்ஸ் ஆறாம் இடம் வரை வந்துவிட்டானே, அதை யார் கொடுத்தது? முதல் வளைவில் மற்றவன் பிரேக்கில் கால் வைக்கிற இடத்தைத் தாண்டிப் போய், ஈரத்தில் உள்பக்கம் மூக்கை நுழைத்து, நுழைத்து... தம்பி சோபாவிலிருந்து எழுந்து நின்றே பார்த்தான். 43-ஆவது சுற்றில் ஓகானையும் தாண்டி, கடைசியில் 19 நொடி இடைவெளியில் ஜெயித்தான். அதே மழை, அதே ரோடு. நோரிஸ் ஆறாவது, சாம்பியன்ஷிப்பில் மேக்ஸ் அவனைவிட 62 பாயிண்ட் முன்னால் போய்விட்டான். நீ நோரிஸ் ஆள், வயிறு எரியும், புரிகிறது.

எனக்கு மேக்ஸைவிட ஓகான் இரண்டாவதாக வந்ததுதான் சந்தோஷம். மகன் ஓட்ட வேண்டும் என்று அவன் அப்பா அம்மா வீட்டை விற்றுவிட்டுக் கேரவனில் குடியிருந்தவர்கள். உன் நர்சிங் படிப்புக்கு நான் காரைத்தான் விற்றேன், அதற்கே உன் மாமா ஒரு மாதம் பேசினார்!

1993-இல் இங்கே தென்னாப்பிரிக்காவில், கயாலாமியில் நானும் உன் மாமாவும் பார்த்த ரேஸிலும் கடைசிச் சுற்றுகளில் இப்படித்தான் மழை வந்தது. ப்ரோஸ்ட் ஜெயித்தான், சென்னா இரண்டாவது. அதற்குப் பிறகு இந்த நாட்டுக்கு எஃப் ஒன் வரவே இல்லை. திரும்ப வரும் என்று பேப்பரில் அடிக்கடி போடுகிறார்கள், வந்தால் உனக்கு டிக்கெட் நான் எடுக்கிறேன், ஃப்ளைட் உன் செலவு.

அடுத்தது லாஸ் வேகஸ், 24-ஆம் தேதி ஞாயிறு, உனக்குக் காலை 6 மணி. டியூட்டி இல்லாமல் பார்த்துக்கொள், ரேஸ் முடிகிறவரை போனில் இருப்போம். அப்புறம் குளிர் ஆரம்பித்துவிட்டது என்கிறாய், அம்மா அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்ததா என்று சொல்லவே இல்லையே, அவள் தினமும் என்னைத்தான் கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா
சாட்ஸ்வர்த், டர்பன்