பக்கத்தில் இருந்த இன்னொன்று

அன்புள்ள பாப்பா,

போன வாரம் போனில் கேட்டாய்: "சின்ன வயசுல மாடியில ஒரு நட்சத்திரம் காட்டுவீங்களே அப்பா, ஆரஞ்சுக் கலர்னு சொல்வீங்க, அது பேர் என்ன? இங்க தேடினேன், கிடைக்கல." நான் ஏதோ முனகிவிட்டுப் பேச்சை மாற்றினேன். நீ கவனித்தாயோ என்னவோ. பெயர் மறந்துபோகவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியவை மூன்று இருந்தன, போனில் எனக்கு அதெல்லாம் வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பெயர் எப்சிலான் எரிடானி. எரிடானஸ் என்பது வானத்து ஆறு, ஆறு போல நெளியும் ஒரு நட்சத்திரக் கூட்டம். ஓரியன் என்கிற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் காலடியில் கிளம்பி, மேற்கே போய், திரும்பி, மறுபடி வளைந்து, தெற்கே எங்கேயோ இறங்கிப் போகும். அதன் ஒரு வளைவில் மங்கலாக உட்கார்ந்திருக்கிறது இது. 10.5 ஒளியாண்டு தூரம், அதாவது ஒளிக்கே வந்துசேர பத்தரை வருடம் பிடிக்கும். வெறும் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களில் ஆல்ஃபா சென்டாரியும் சிரியஸும்தான் இதைவிடப் பக்கம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் மங்கல், ஏனென்றால் ஆள் சின்னவன். நிறையில் சூரியனில் ஐந்தில் நான்கு பங்கு. வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மேற்பரப்பு வெப்பமும் சூரியனைவிட ஏறக்குறைய 700 டிகிரி குறைவு. ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் அதுதான்.

இப்போது முதல் தப்பு. இது கொஞ்சம் வெட்கக்கேடு.

சென்ற மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள் இல்லையா, கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள் கழித்து ஓர் இரவு மாடிக்குப் போனேன். எத்தனையோ வருடமாகப் பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஓரியனின் கால் நட்சத்திரம் ரைஜல் நீலமாக இருந்தது, பாப்பா. பளிச்சென்று நீலம்! அங்கிருந்து நேராக மேற்கே வந்து, வழக்கமாகப் பார்க்கும் நட்சத்திரத்தில் நின்றேன். பக்கத்திலேயே இன்னொன்று, சற்று மங்கலாக. வரைபடத்தை எடுத்து டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றிச் சரிபார்த்தேன். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை.

நான் உனக்கு இத்தனை நாள் காட்டியது எப்சிலான் இல்லை. டெல்டா எரிடானி.

அதுவும் ஆரஞ்சுதான், அதனால்தான் சந்தேகமே வரவில்லை. டெல்டா கொஞ்சம் பிரகாசம், ஆனால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தூரத்தில், ஏறக்குறைய 30 ஒளியாண்டில் இருக்கிறது. ஓரியனிலிருந்து மேற்கே போனால் வழியில் முதலில் அகப்படுவது அதுதான். முதலில் கிடைத்ததோடு நின்றுவிட்டேன். போதாக்குறைக்குப் பெயரும் குழப்பும்: டெல்டாவுக்கு ரானா என்று பெயர், எப்சிலானுக்கு ரான். அடுத்தடுத்த வீட்டில் இப்படியா பெயர் வைப்பார்கள்?

உனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள், போர்வைக்குள் இருந்து விரலை மட்டும் நீட்டி, "பக்கத்துல இன்னொண்ணு இருக்கேப்பா, அது என்ன?" என்று கேட்டாய். "அது சும்மா" என்றேன். நீயும் சரி என்று விட்டுவிட்டாய். அந்த "சும்மா"தான் எப்சிலான் எரிடானி. நீ பார்த்துவிட்டாய், எனக்குத்தான் தெரியவில்லை.

இரண்டாவது தப்புக்கு என்னை முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. நீ பிறந்த 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம்தான் இந்த நட்சத்திரத்துக்கு ஒரு கோள் இருப்பதாக அறிவித்தார்கள். உன்னைத் தூளியில் ஆட்டிக்கொண்டே அந்தச் செய்தியைப் படித்தேன். யாரும் அந்தக் கோளைப் பார்க்கவில்லை. நட்சத்திரம் ஆடுவதைத்தான் பார்த்தார்கள். உன் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றும்போது நான் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்க முடியாதே, பின்பக்கம் சாய்ந்து, குதிகாலும் ஒரு சின்ன வட்டம் போடும். கோள் சுற்றும்போது நட்சத்திரமும் அப்படித்தான். நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி ஒரு துளி நீலம் பக்கம் நகரும், விலகும்போது சிவப்பு பக்கம். எவ்வளவு வேகம் தெரியுமா? வினாடிக்கு 11 மீட்டர் அளவுக்குத்தான். ஓர் ஓட்டப்பந்தய வீரன் ஓடுகிற வேகம். அவ்வளவு பெரிய நெருப்புருண்டை அந்த வேகத்தில் முன்னும் பின்னும் அசைவதை, பத்து ஒளியாண்டுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, ஒளி அலையின் நீளத்தில் மூன்று கோடியில் ஒரு பங்கு மாற்றமாகப் படிக்கிறார்கள். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றும்.

அந்த முதல் கணக்கில் கோளின் பாதை நன்றாக நீண்டு, சப்பையாக இருந்தது. அதைத்தான் நான் மாடித் தரையில் உனக்கு வரைந்து காட்டினேன். இரண்டு செங்கல், ஒரு கயிறு, ஒரு சாக்பீஸ். நீ ஒரு செங்கல்மேல் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றாய், நினைவிருக்கிறதா? "ஒரு பக்கம் பூமி சூரியனுக்கு இருக்கிற அளவுக்குக் கிட்ட வரும், மறுபக்கம் வியாழனையும் தாண்டிப் போகும்" என்று பெரிய வாத்தியார் மாதிரி சொன்னேன். அந்த முட்டை வடிவம் மூன்று மழைக்குத் தாக்குப்பிடித்தது.

அது முட்டையே இல்லை. கிட்டத்தட்ட வட்டம். இப்போதைய கணக்குப்படி பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்றரை மடங்கு தள்ளி, ஏறக்குறைய வட்டப் பாதையில், ஏழு வருடம் நான்கு மாதத்துக்கு ஒரு சுற்று. நிறை வியாழன் அளவு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. நிற்கத் தரை இல்லாத வாயுக் கோளாகத்தான் இருக்க வேண்டும்.

ஏன் முதலில் தப்பாக வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இந்த நட்சத்திரம் இளசு. சூரியனுக்கு 460 கோடி வருடம் ஆகிறது என்றால், இதற்கு 40 முதல் 80 கோடிதான். சூரியனை 46 வயது ஆளாக வைத்துக்கொண்டால் இது நான்கிலிருந்து எட்டு வயதுக் குழந்தை. இருந்த இடத்தில் இருக்காது. 11 நாளில் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடும். சூரியனுக்கு அதற்கு 25 நாளுக்குமேல் ஆகும். அவ்வளவு வேகமாகச் சுழல்வதால் காந்தப்புலம் கடுமை, மேலெல்லாம் கரும்புள்ளிகள். புள்ளி ஒரு ஓரத்தில் தோன்றி மறு ஓரத்தில் மறையும்போது ஒளியில் ஏற்படுகிற மாற்றம், நட்சத்திரம் ஆடுவது போலவே தெரியும். அந்தப் புள்ளிகளும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. எது கோள் இழுப்பது, எது நட்சத்திரம் தானே துள்ளுவது என்று பிரிப்பது லேசான வேலை இல்லை. அதனால்தான் அடுத்து வந்த வருடங்களில் வேறு கருவிகளை வைத்து அலசியவர்கள் சிலர், அப்படி ஒரு கோள் இருப்பதாகவே தெரியவில்லையே என்றார்கள்.

இதில்தான் மூன்றாவது தப்பு வருகிறது. இது முழுக்க முழுக்க என்னுடையது.

பதினைந்து வயதில் நீ எங்கேயோ இதைப் படித்துவிட்டு வந்து, "உங்க கோள் இருக்கறதே சந்தேகமாம்பா" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான்தான் குதித்தேன். "ரெண்டு பக்கம் படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா" என்று கேட்டேன். ஹப்பிள் தொலைநோக்கியே உறுதிப்படுத்திவிட்டது என்று 2006-இல் வந்த செய்தியை எடுத்து வீசினேன். நீ ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாய். அதற்கப்புறம் என்னோடு மாடிக்கு வரவில்லை. பரீட்சை, நண்பர்கள் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

2019-இல், முப்பது வருடத்து அளவீடுகளையெல்லாம் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, கோள் இருக்கிறது, ஆனால் பாதை வட்டம், என்று ஓர் ஆய்வு வந்தது. நீ அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாய். உடனே உன்னைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். சொன்னால் "பார்த்தாயா, நான் சொன்னேன்ல" என்று ஆகிவிடும். உண்மை அதுவும் இல்லை. கோள் இருந்தது சரி. ஆனால் அன்றைக்குக் கையில் இருந்த கணக்கை வைத்துச் சந்தேகப்பட்டதுதான் நியாயம். நீ ஒழுங்காகப் படித்திருந்தாய். நான் வரைந்த முட்டையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

இந்த 2025 டிசம்பரில் நம் கண்ணில் விழும் அதன் ஒளி, 2015 நடுவில் அங்கிருந்து கிளம்பியது. அதாவது ஏறக்குறைய அந்தச் சண்டை நேரத்தில். எட்டு வயதில் நீ விரல் நீட்டிக் காட்டியபோது வந்துசேர்ந்த ஒளியோ, நீ பிறப்பதற்கு இரண்டு வருடத்துக்கும் முன்பே கிளம்பியிருந்தது. இந்த மாதிரிக் கணக்குகளைப் போடாமல் என்னால் இருக்க முடியாது என்பது உனக்குத்தான் தெரியுமே.

அதே 2015-இல்தான் கோளுக்கு ஒரு பெயரும் கிடைத்தது: ஏகிர். வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் கதைகளில் ஏகிர் கடலுக்குரிய அரக்கன், ரான் அவன் மனைவி. மூழ்குகிறவர்களை வலைபோட்டுப் பிடிப்பவள். சர்வதேச வானியல் ஒன்றியம் நடத்திய பொது வாக்கெடுப்பில் தேர்வான பெயர்கள். முன்மொழிந்தது அமெரிக்காவில் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாம். பக்கத்து வீட்டு ரானாவை அந்தப் பிள்ளைகள் கவனிக்கவில்லை போல!

ஒரு கதையை மட்டும் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்கிறேன். 1960 ஏப்ரலில் ஃபிராங்க் டிரேக் என்ற வானியலாளர் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை வைத்து, வேறு உலகத்துக்காரர்கள் யாராவது பேசுகிறார்களா என்று கேட்கத் தொடங்கிய கதை. தேர்ந்தெடுத்தது இரண்டே நட்சத்திரம்: டாவ் செட்டி, அப்புறம் நம் எப்சிலான். எப்சிலான் பக்கம் திருப்பியதும் டக் டக் டக் என்று வினாடிக்கு எட்டுத் துடிப்பு வந்ததே! அந்த இடத்தில் நிறுத்திவிட்டு "நாளைக்குச் சொல்றேன்" என்பேன், நீ என் சட்டையைப் பிடித்து இழுப்பாய். கடைசியில் அது பூமியிலிருந்தே வந்த சத்தம் என்று தெரிந்ததைச் சொல்லும்போது, "அப்ப அவங்க அழுதாங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாய்.

அங்கிருந்து பார்த்தால் நம் சூரியன் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறாய். அன்றைக்கு மழுப்பினேன். இப்போது கணக்குப் பார்த்தேன்: ஓரியனின் இடுப்பு வாரில் மூன்றுண்டு இல்லையா, அதில் மங்கலானதைவிட இன்னும் ஒரு பிடி மங்கலாக, சர்ப்ப மண்டலத்தில் ஒரு சாதாரணப் புள்ளி. அவ்வளவுதான் நாம்.

ஏகிரை இதுவரை யாரும் படம் எடுக்கவில்லை. 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எப்சிலான் இண்டி என்கிற இன்னொரு ஆரஞ்சு நட்சத்திரத்தின் கோளை நேரடியாகப் படமெடுத்துவிட்டது, 12 ஒளியாண்டில். நம் ஆளுக்கும் ஒரு நாள் வரும்.

சரி, நீ கண்டுபிடிக்க வழி சொல்கிறேன். டிசம்பர் நடுவில் என்றால் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே பார். உன் ஊரில் அது அவ்வளவு உயரம் ஏறாது, கட்டடம் மறைக்காத இடமாக நின்றுகொள். ஓரியனின் கீழ் வலது மூலையில் இருக்கும் நீல நட்சத்திரம் ரைஜல். கையை முழுசாக நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் உள்ள அகலம், அவ்வளவு தூரம் நேர் வலப்பக்கம் போ. பக்கம் பக்கமாக இரண்டு இருக்கும், இடையில் ஒன்றரை விரல் அகலம்தான். முதலில் வருவது, சற்றுப் பிரகாசமானது, டெல்டா. அதோடு நின்றுவிடாதே. அதற்கும் வலப்பக்கம் இருப்பது.

வெறும் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, நான் சொல்லிச் சொல்லித்தான் உனக்கு ஆரஞ்சாகத் தெரிந்திருக்கும். அதனால் நம் பழைய பைனாகுலரைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஃபோகஸை ஒரு சுண்டு மட்டும் கலைத்துவிடு. நட்சத்திரம் சின்ன வட்டமாக விரியும், அப்போதுதான் நிறம் நின்று தெரியும். ரைஜலை ஒரு தடவை, இதை ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்.

எனக்குப் பைனாகுலர் வேண்டாமா என்று கேட்காதே. புதுக் கண் இருக்கிறது. இடது கண்ணுக்கும் அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள்.

பட்டை அறுந்திருந்தது, உன் அம்மா தைத்துக் கொடுத்திருக்கிறாள். லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதே, பெட்டிக்குள் துணி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா