துளசிமணிக்கு: அந்த மூன்று பேரைச் சேர்க்கும் முன்

கோயம்புத்தூர்

அன்புள்ள துளசிமணி,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வரன் அமைந்ததில் எனக்கு ரொம்ப சந்தோசம். நிச்சயத்துக்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன்.

ஜெயிலிலிருந்து வந்த மூன்று பேரை உங்கள் அவிநாசி பனியன் யூனிட்டில் வேலைக்குச் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தாய். திரும்ப அந்த வழிக்கே போய்விடுவார்களோ என்று உன் வீட்டுக்காரர் வெசனப்படுகிறாராம். அவரிடம் முதலில் ஒன்று கேட்கச் சொல்: அவர்களுடைய அடுத்த வாய்தா எப்போது?

2022 கடைசியில் நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தாறு பேர். ஆக, வெளியே வருகிறவர்களில் பெரும்பாலோர் கேஸ் முடிந்து வருவதில்லை, ஜாமீனில் வருகிறார்கள். ஒருவருக்கே அவிநாசியில் ஒரு கேஸ், பெருந்துறையில் ஒரு கேஸ் இருக்கலாம். ஒரு வாய்தா தவறினால் பிடிவாரண்ட். ஜாமீனில் இருந்துகொண்டு ஆஜராகாததே தனிக் குற்றம், புதுக் குற்றச் சட்டமான பி.என்.எஸ். 269ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை தண்டனை உண்டு. திருடாமல், அடிதடி செய்யாமல், தேதியை மறந்ததற்காகவே மறுபடி உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான்.

அதனால் சேர்க்கிற அன்றே ஒவ்வொரு கேஸுக்கும் சி.என்.ஆர். நம்பரை, அதாவது கோர்ட் அந்தக் கேஸுக்குக் கொடுத்த தனி அடையாள எண்ணை, வாங்கு. எழுத்தும் எண்ணும் கலந்து பதினாறு இருக்கும். ஈகோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த தேதி தெரியும். சூப்பர்வைசர் மேஜைக்கு மேல் தொங்குகிற காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வை. காய்ச்சலோ வேறு இடைஞ்சலோ வந்து போக முடியாவிட்டால், முந்தின நாள் பொழுதோடவே வக்கீலுக்குச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு அவர் காலையில் 317 பெட்டிஷன் போட்டுவிடுவார் (புதுச் சட்டத்தில் அது 355, பழக்கத்தில் இன்னும் 317தான்). ஏற்கெனவே வாரண்ட் இருந்தால் ஒளிய விடாதே. வக்கீலோடு தானாகவே கோர்ட்டில் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெற ரீகால் கேட்டால் கிடைக்க வழியுண்டு. போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் அந்த வழி குறுகிவிடும்.

அடுத்தது கண்டிஷன் கையெழுத்து. ஜாமீன் உத்தரவில் ‘தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில், மறு உத்தரவு வரும் வரை’ என்றிருக்கும். உன் யூனிட் காலை எட்டரைக்கு ஆரம்பிக்கிறது. பத்து மணிக்கு மிஷினை விட்டு எழுந்து போவான். நோட்டை எடுத்துத் தர வேண்டிய ஏட்டு பந்தோபஸ்துக்குப் போயிருப்பார். பெஞ்சில் உட்கார்ந்திருந்து கையெழுத்துப் போட்டுத் திரும்பும்போது சாப்பாட்டு நேரமாகிவிடும், அரை ஷிப்ட் போச்சு. நாலு நாள் இப்படி நடந்தால் காண்ட்ராக்டர் ‘நாளையிலிருந்து வராதே’ என்பார். வேலை போனவன் எங்கே போய் நிற்பான் என்று உனக்கே தெரியும்.

அந்தக் கண்டிஷன் தானாகக் காலாவதி ஆகாது. தளர்த்தக் கேட்டு, உத்தரவு போட்ட கோர்ட்டிலேயே பெட்டிஷன் போட வேண்டும். அதோடு சேர்க்க உன் லெட்டர் ஹெட்டில் நாலு வரி எழுதிக் கொடு: எந்தத் தேதியிலிருந்து வேலை, என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பு. உத்தரவு வரும் வரை பகல் பன்னிரண்டுக்கு வந்து ராத்திரி எட்டரை வரை வேலையில் நிற்கட்டும். கையெழுத்துப் போட்ட தேதிகளை அவனும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

காகிதமும் இழுத்தடிக்கும். உள்ளே இருந்த காலத்தில் பழைய சிம் செத்திருக்கும். ஆதார் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும், அதனால் பி.எஃப். பதிவும் நிற்கும். முதலில் ஆதார் மையத்தில் கைரேகை வைத்துப் புது நம்பரைச் சேர்க்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம். இரண்டு வருடம் வரவு செலவில்லாத பேங்க் கணக்கு முடங்கியிருக்கும், கே.ஒய்.சி. கொடுத்தால் உயிர் வரும், அதற்குக் கட்டணம் கிடையாது. டிரைவராக இருந்தவருக்கு லைசென்ஸ் முடிந்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

தையல் தெரியும் என்பார்கள். ஜெயிலில் யூனிபாரம் தைத்த கை சிங்கர் மிஷினுக்குப் பழகியது. பனியன் துணி இழுபடும். அதைத் தைக்கிற ஓவர்லாக், பேட்லாக் மிஷின்கள் வேறு பழக்கம். இரண்டு மூன்று வாரம் டெய்லருக்குத் துணை ஆளாக, கைமடியாக நிற்கட்டும். உடனே பீஸ் கணக்குக் கூலியில் விட்டால் வாரக் கூலியைப் பார்த்ததும் மனசு விட்டுப்போகும்.

பணத்தில் கவனம் வேண்டும். ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் வீட்டில் மீட்டர் வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். அந்தக் கடனை அடைக்கத்தான் பழைய கூட்டாளி ‘ஒரே ஒரு தடவை’ என்று கூப்பிடுவான். பெரிய அட்வான்ஸ் கொடுத்து நீயும் கடன் கொடுத்த இன்னொரு ஆளாக நிற்காதே. சனிக்கிழமை முழுச் சம்பளத்தையும் கையில் கொடுக்காமல், அவர்கள் சம்மதித்தால் ஒரு பங்கை வீட்டுப் பெண்கள் கணக்கில் போடு. இன்னும் உள்ளேயே இருப்பவர்கள் யாரையாவது உனக்குத் தெரிந்தால், ஏழைக் கைதிகளுக்கு 2023இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தைச் சொல். ஆரம்பத்தில் ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரையும் அபராதத்துக்கு 25,000 வரையும் என்று வைத்திருந்தார்கள்.

வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிய பழக்கம் உள்ள பையன் இருந்தால் வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிடு. சில மாதம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, உயிரே போகும். முதல் இரண்டு வாரம் தனியாக விடக்கூடாது.

பக்கத்தில் எங்கே திருட்டு நடந்தாலும் போலீஸ் இவர்களைத்தான் முதலில் தேடும். அன்றைக்குக் காப்பாற்றுவது உன் பஞ்சிங் மிஷின் பதிவு. வந்த நேரம், போன நேரம் விடாமல் இருக்கட்டும். கேமரா பதிவை ஒரு மாதமாவது அழிக்காதே. இவர்கள் யாரென்பது உனக்கும் மேனேஜருக்கும் தெரிந்தால் போதும்.

உங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி வருகிறதே. கம்பம் நடுவதற்கு முன்னாலேயே, பழைய கேஸ் உள்ளவர்களிடம், வம்பு தும்புக்குப் போக மாட்டேன் என்று நன்னடத்தை ஜாமீன் எழுதி வாங்குவார்கள். சம்மன் வந்தால் உடனே எனக்கு போன் பண்ணு. மூன்று பேருடைய சி.என்.ஆர். நம்பரையும் இந்த வாரத்துக்குள் அனுப்பு, நானும் ஒருக்கா பார்த்துவிடுகிறேன்.

உன்,
விசாலாட்சி